காப்பு கட்டினவள் அலறக் கூடாது

திருவொற்றியூர் குப்பம்
8-4-2007

அன்புத் தங்கை தாட்சாயணிக்கு,

எல்லையம்மன் துணையிருக்க இங்கே நானும் உன் மாமாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். அங்கே தீவில், மாயாபந்தரில், உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று வெள்ளிக்கிழமைதோறும் எலுமிச்சை விளக்கு ஏற்றுகிறேன். உன் முதுகுவலி தேவலையா? போனில் பேசினால் பாதி காற்றுதான் காதில் விழுகிறது. கப்பலில் போனாலும் கடிதம்தான் மேல்.

மாமியாருக்கு வருஷத் திதி முடிந்தது. போன ஆடியில் தீட்டு என்று கரகம் இல்லாமலே கூழ் ஊற்றினார்கள். இந்த ஆடிக்கு யார் எடுப்பது என்று ஊரில் பேச்சு கிளம்பியிருக்கிறது. எல்லையம்மன் கரகம் எங்கள் வீட்டு மருமகள் தலையில்தான் ஏறும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். மூத்த மருமகள் நான். இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைப்பாய். இருக்கிறது. என் ஓரகத்தி தேசராணி இருக்கிறாளே, என் கொழுந்தன் பிரகாஷ் பெண்டாட்டி, அவள்மேல் இரண்டு வருஷமாகச் சாமி வருகிறது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கோயில் வாசலில் வாக்கு சொல்கிறாள். "சாமி வர்ற பொண்ணு ஒரே வூட்ல கீது, அப்பறம் இன்னாத்துக்கு யோசன" என்று ஊர்ப் பெரியவர் என் காது படவே கேட்டார்.

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை விரதம். அம்மன் போற்றியை யாரும் சொல்லித் தரவில்லை, எழுத்துக் கூட்டிக் கூட்டி நானே படித்து மனப்பாடம் செய்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கையாவது நடுங்கியிருக்குமா? இல்லை. அவள் வெள்ளிக்கிழமை கருவாட்டுக் குழம்பு வைக்கிறவள். அவள்மேல் போய் அம்மன் இறங்குகிறாள். அம்மனை நான் குறை சொல்லவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

உன் புது வீட்டு போட்டோவை அனுப்பு, பார்க்க ஆசையாக இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா நர்மதா


மாயாபந்தர்
23-4-2007

அன்பு அக்காவுக்கு,

உன் விளக்கு வெளிச்சம் கடல் தாண்டி இங்கே வருகிறது, நாங்கள் நன்றாக இருக்கிறோம். முதுகுவலிக்கு இங்கே ஒரு எண்ணெய் கிடைத்தது, நாற்றம் தாங்கினால் வலி போய்விடும். பாஸ்கர் மாமாவுக்குச் சர்க்கரை குறைந்ததா?

கரகத்தை நினைத்து நெஞ்சைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. நீ எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கிறாய், எத்தனை பேர் பிரசவத்துக்குக் கூட நின்றிருக்கிறாய். அதெல்லாம் அம்மன் பார்க்காமலா இருப்பாள்.

வீட்டு போட்டோ எல்லாம் என் வீட்டுக்காரர் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து பிரகாஷ் மெயிலுக்குப் போன வாரமே அனுப்பிவிட்டார். கூடவே ஏதோ வீடியோவும் அனுப்பியிருக்கிறாராம், நல்ல காட்சி, அக்கா பார்க்கட்டும் என்றார். பிரகாஷைக் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார். சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும், அந்தப் படத்தைக் கட்டாயம் பார்.

தேசராணிக்கும் பிரகாஷுக்கும் என் விசாரிப்பு.

உன் தாட்சு


திருவொற்றியூர் குப்பம்
9-5-2007

தாட்சாயணிக்கு,

சுகம்தான், உயிரோடு இருக்கிறேன். நீங்களும் இருங்கள்.

உன் வீட்டுக்காரர் அனுப்பிய நல்ல காட்சியைப் பார்த்தேன். ரோட்டு முனையில் மஜீது பாய் பிரவுசிங் சென்டர், பிரகாஷ்தான் கூட்டிப்போனான். முதலில் உன் வீடு. ஜன்னல், கடல், உன் துளசிச் செடி. கண் நிறைந்துபோனது. அப்புறம் "இதயும் பாருங்க அண்ணி" என்று காதில் மாட்டுகிறதை மாட்டிவிட்டான். ஒரு ஏரி. பனிமூட்டம். தூரத்தில் சின்னப் படகு ஒன்று வருகிறது. வீணை மாதிரி ஏதோ மெதுவாகக் கேட்கிறது. படகில் யார் இருக்கிறார்கள் என்று உற்றுப் பார்க்க வேண்டுமாம், கீழே இங்கிலீஷில் எழுதியிருந்ததை மஜீது பாய் படித்துச் சொன்னார். படகு என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும். மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தேன்.

கண்ணில்லாத ஒரு மூஞ்சி, வாயெல்லாம் பல், திரை முழுக்கப் பாய்ந்து காதுக்குள்ளே வீறிட்டது. நான் போட்ட சத்தத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து, காய்கறிக் கூடை கவிழ்ந்து, கத்தரிக்காய் ரோடு வரைக்கும் ஓடியது. அங்கே இருந்த பசங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிரகாஷ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். மஜீது பாய் பாவம், சோடா உடைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் உன் மாமாவும் சிரிக்கிறார்.

சிரிப்பைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். தேசராணி சிரிக்கவில்லை. கொல்லையிலிருந்து வந்து, கோயில் விபூதியை எடுத்து, எல்லார் எதிரிலும் என் நெற்றியில் பூசி, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று ஊதினாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். எனக்கு விபூதி பூசுகிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கைகூப்பிக்கொண்டு பார்க்கிறார்கள். அந்தப் பேய் மூஞ்சியே மேல் என்று தோன்றியது.

உன் வீட்டுக்காரரிடம் நான் கோபமாக இருக்கிறேன் என்று சொல்.

நர்மதா


மாயாபந்தர்
26-5-2007

அன்பு அக்காவுக்கு,

எங்கள் சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை, உன் கோபம் ஒன்றுதான் குறை. உன் கடிதத்தைப் படித்துக்காட்டியதும் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கத்தரிக்காய் ரோட்டுக்கு ஓடிய இடத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னித்துவிடு.

அந்த வீடியோ இங்கே ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றுகிறது அக்கா. வெளிநாட்டில் எவனோ வேலையற்றவன் செய்தது. துறைமுகத்துப் பெரிய அதிகாரி பார்த்துவிட்டு டீ கிளாஸைத் தூக்கி எறிந்தாராம். பாம்பு பிடிக்கிறவர் ஒருத்தர், அவரும் அலறினாராம். பார்த்தவர்களில் அலறாதவர் ஒருத்தர்கூட இல்லை. இதில் உனக்கு என்ன வெட்கம்?

தேசராணி விபூதி பூசியது பாசத்தில்தான் இருக்கும். அவளுக்கு அக்கா தங்கை கிடையாது, உனக்குத் தெரியும்தானே. தடைக்காலம் முடியப்போகிறதே, படகுக்கு பெயிண்ட் அடித்தாயிற்றா?

உன் தாட்சு


திருவொற்றியூர் குப்பம்
15-6-2007

அன்புத் தங்கைக்கு,

இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை, மணலி ஆலைப் பக்கத்துக் காற்று அடித்தால் கண் எரிகிறது. மற்றபடி எல்லோரும் நலம். உன் வீட்டுக்காரர் மேல் கோபம் போய்விட்டது.

தடை முடிந்து படகுகள் இறங்கின. முதல் படகு தள்ளுகிறதுக்கு முன்னால் தேசராணியிடம் வாக்கு கேட்டார்கள். கிழக்கே போங்கள் என்றாள். போனார்கள். வலை கிழிகிற அளவுக்கு வஞ்சிரம். கிழக்கே போகாமல் மேற்கே போனால் படகு கரையேறித் தேரடிக்குத்தான் போகும், அது யாருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கே ஊர் கூடித் தீர்த்துவிட்டார்கள், ஆடி முதல் ஞாயிறு தேசராணிக்குக் காப்பு கட்டுவது, மூன்றாம் ஞாயிறு அவள் கரகம் எடுப்பது என்று. உன் மாமாவும் தலையாட்டிவிட்டு வந்தார். "தம்பி பொண்டாட்டி எடுத்தா இன்னா, நீ எடுத்தா இன்னா, ஒரே வூடுதான" என்கிறார். ஒரே வீடுதான். அவள் புடவையைத் துவைத்துப் போடுகிறவளும் நான்தான்.

மாமியார் இருந்தபோது ஒன்று சொல்வார். கையில் காப்பு ஏறினவள் பயப்படக் கூடாது. இடி இடித்தாலும் பாம்பே வந்தாலும் வாயிலிருந்து அலறல் வரக் கூடாது. வந்தால் அம்மன் அவளைவிட்டு இறங்கிப் போய்விட்டாள் என்று அர்த்தம், அங்கேயே காப்பை அவிழ்த்துவிட வேண்டும், வீட்டு அடுத்த மருமகள் கையில் கட்டிவிட வேண்டும். மாமியாருக்கே அவர் மாமியாரிடமிருந்து அப்படித்தான் வந்தது, தெருவில் மாடு விரட்டி அந்தம்மா அலறிவிட்டதாம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடுதான், என்னவோ ஞாபகம் வந்தது, எழுதினேன்.

மஜீது பாய் அந்தப் படகுப் படத்தைக் கம்ப்யூட்டரிலேயே இறக்கி வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார். உன் வீட்டு போட்டோவும் அதில்தான் இருக்கிறது. சாமி வருகிறவர்கள் யாராவது அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்களா, அவர்களும் அலறினார்களா என்று உன் வீட்டுக்காரரைக் கேட்டு எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா நர்மதா


மாயாபந்தர்
3-7-2007

அக்கா,

நாங்கள் சுகம். நீ சுகமாக இல்லை என்று உன் எழுத்திலேயே தெரிகிறது.

நீ கேட்டதை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். நீ சும்மா கேட்டதாகவே வைத்துக்கொள்கிறேன். வேண்டாம் அக்கா.

மஜீது பாயிடம் சொல்லி அந்த வீடியோவை அழிக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்.

உன் தாட்சு


திருவொற்றியூர் குப்பம்
29-7-2007

அன்புத் தங்கை தாட்சாயணிக்கு,

எல்லையம்மன் கிருபையால் இங்கே அனைவரும் சுகம். உன் மாமாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. பெரியவன் பரீட்சை எழுதிவிட்டான். இரண்டு நாள் நல்ல மழை, கோயில் பந்தலில் ஓலை நனைந்துவிட்டது, மாற்றிக் கட்டினோம். கூழுக்குக் கேழ்வரகு அரைத்தாயிற்று. முருங்கைக்கீரைக்குத்தான் அலைச்சல். இந்த வருஷம் எலுமிச்சை விலை ஏறிப்போய்விட்டது, மாலைக்கு வாங்கினதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன்.

ஒரு சேதி. காப்பு எனக்குக் கட்டியிருக்கிறார்கள். கரகம் நான் எடுக்கிறேன்.

தேசராணிக்கு உன் வீட்டைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. காப்பு கட்டினவள் குப்பத்து எல்லையைத் தாண்டக் கூடாது, மஜீது பாய் கடை எல்லைக்குள்ளேதானே இருக்கிறது என்று வியாழக்கிழமை மத்தியானம் கூட்டிப்போனேன். அங்கே பயந்துவிட்டாள். கடைக்கு வெளியே மீன் விற்கிற பெண்களெல்லாம் ஓடிவந்து பார்த்தார்கள். ஊர்ப் பெரியவர் வந்தார். கட்டு என்றால் கட்டுதான். அவிழ்த்து என் கையில் கட்டினார்கள். தேசராணி வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

எல்லாம் அவள் செயல். யாருக்கு எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று அம்மனுக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்தது. பதில் போட நேரம் கிடைக்கவில்லை.

அக்கா நர்மதா


திருவொற்றியூர் குப்பம்
31-7-2007

தாட்சாயணி அக்காவுக்கு தேசராணி எழுதறது. நீங்க நல்லாக் கீறீங்களா, மாமா நல்லாக் கீறாரா. நான் அஞ்சாவதோட நின்னவ, இதான் நான் எழுதற மொத லெட்டரு. தப்பு இருந்தா கண்டுக்காதீங்க.

பெரியக்கா உங்களுக்கு லெட்டர் எழுதறப்போ அடுப்பாண்ட குந்திகினு பாத்துகினே இருப்பேன். எழுதும், தானா சிரிக்கும், பொறவு கண்ணத் தொடச்சிக்கும். எனக்கு வயிறு எரியும் அக்கா, மெய்யாலும். எனக்கு அந்த மாதிரி எழுத யாரும் கெடையாது. சாமி வர ஆரம்பிச்சப்பறம் தெருவுல எம்பேரு சொல்லி கூப்பிடறவங்களும் இல்ல. எங்கூட்டுக்காரே ஒரு மாதிரி ஒதுங்கிதான் படுக்கறாரு. பெரியக்கா மட்டும்தான் என்னிய திட்டும். அது ஒண்ணுதான் எனக்கு நல்லாக் கீது.

அந்தப் படகு படத்த அவரு எனக்கு ஏப்ரல் மாசமே காட்டிட்டாரு. மொத தபா கத்தினேன். ரெண்டாவது தபா சிரிப்பு வந்திச்சி. மூணாவது தபா பாத்தா அந்த மூஞ்சி பாவமாக் கீது, பல்லெல்லாம் கோணல்.

காப்பு கட்னப்பறம் பெரியக்கா வந்து, வாடி, தாட்சு வூட்டு போட்டோ பாத்துட்டு வரலாம்னு கூப்டப்பவே எனக்கு வெளங்கிடிச்சி. அது என்னிய எங்கயும் கூப்டதேயில்ல. என் செருப்ப எடுத்து வாசல்ல வச்சிது. போனோம். உங்க வூடு சோக்காக் கீது அக்கா, ஜன்னல்ல கடல் தெரியுதே. பொறவு ஏரி வந்திச்சி. படகு வர்ற வரைக்கும் யோசிச்சிகினே இருந்தேன், கத்தலாமா வோணாமான்னு.

மங்கம்மா கெயவிய உங்களுக்குத் தெரியும்ல. அதோட புள்ள நீலமேகம் போன படகு கவுந்து மத்தவனுங்க நீஞ்சி வந்துட்டானுங்க, அவன் மட்டும் வரல. பொணமும் ஒதுங்கல. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்காலப் புடிச்சிகினு கேக்குது, எம்புள்ள கீறானா இல்லியான்னு. சாமி எனக்கு மெய்யாவே வருதுக்கா, அதுல பொய்யில்ல. ஆனா மங்கம்மா கேக்கும்போது மட்டும் சாமி எறங்கிப் போயிடுது. நான் மட்டும் நிக்கறேன். ஒண்ணும் சொல்லாம மயக்கம் போட்ட மாதிரி வுயுந்துடுவேன். கரகம் எடுத்தா அப்படி வுய முடியாது, ஊரே நிக்கும், கேட்டவங்களுக்கு வாக்கு சொல்லியே ஆவணும்.

அதான் கத்தினேன். நல்லாவே கத்தினேன்.

பெரியக்காவுக்கு ஆச, எனக்கு பயம். மாத்திகினோம். இத பெரியக்காவாண்ட சொல்றதுன்னா சொல்லுங்க, எனக்கு வாய் வரல. நேரம் இருந்தா எனக்கும் ஒரு லெட்டர் போடுங்க. கவர் மேல எம்பேரு எழுதுங்க.

தேசராணி


திருவொற்றியூர் குப்பம்
9-8-2007

என் அன்புத் தங்கைக்கு,

சுகம், சுகம், பெரும் சுகம். நீ இங்கே இல்லாத குறை ஒன்றுதான்.

கரகம் எடுத்தேன் தாட்சு. மூன்றாம் ஞாயிறு சாயங்காலம், கடலில் நீராடி, மஞ்சள் புடவை கட்டி, தலையில் வேப்பிலைக் கரகம். பம்பை அடிக்க அடிக்க எனக்கு அம்மன் வந்துவிட்டாள். உன் மாமா ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்று பார்த்தார், கண் கலங்கிவிட்டார். இடது பக்கம் ஊர்ப் பெரியவர் சம்சாரம், பச்சைப் பட்டுப் புடவை, கைகூப்பி நின்றாள். என்னை ஒருநாளும் மதிக்காத ஐஸ் கம்பெனிக்காரர் வீட்டு அம்மா கீழே விழுந்து கும்பிட்டாள், எழுந்திருக்கும்போது வளையல் ஒன்று உடைந்தது. தேசராணி கூட்டத்துக்குப் பின்னால் சுவரோரம் நின்றாள், என்னையே பார்த்துக்கொண்டு.

மங்கம்மா வந்து காலைப் பிடித்தாள். என் பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று கேட்டாள். பம்பை நின்றது. தேசராணி இத்தனை நாளாக ஒரு வார்த்தை சொன்னதில்லை இவளுக்கு. நான் சொன்னேன். "கீறான். தீபாவளிக்கு முன்னாடி வூடு வந்து சேருவான்" என்று சொன்னேன். ஜனங்கள் போட்ட குலவையைக் கேட்டிருக்க வேண்டும் நீ. மங்கம்மா என் பாதத்தில் முகத்தை வைத்து அழுதாள். இந்த மாதிரி வாக்கு இந்தக் குப்பத்தில் யாரும் கொடுத்ததில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். தேசராணி மட்டும் அதற்கப்புறம் அங்கே இல்லை.

உடனே பதில் போடு.

அக்கா நர்மதா


மாயாபந்தர்
22-8-2007

அன்பு அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்கிறேன், அதற்கு மட்டும் உண்மையாகப் பதில் எழுது.

சாமி வந்தவர்களுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, முன்னால் யார் நிற்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. இதைச் சின்ன வயதில் எனக்குச் சொன்னது நீதான். யார் எந்த நிறப் புடவை கட்டியிருந்தாள், யார் வளையல் உடைந்தது என்றெல்லாம் நீ எழுதியிருக்கிறாய்.

தேசராணி எனக்குக் கடிதம் போட்டாள். அந்த வீடியோவைப் பிரகாஷ் அவளுக்கு ஏப்ரலிலேயே காட்டிவிட்டானாம். என்ன வரும் என்று தெரிந்துதான் உன்னோடு வந்து உட்கார்ந்தாள். தெரிந்துதான் அலறினாள். மங்கம்மாவுக்குப் பதில் சொல்ல முடியாமல் கரகத்தை உன்னிடம் விட்டிருக்கிறாள். நீ ஏமாற்றி வாங்கவில்லை அக்கா, அவள் கொடுத்தாள். இது உனக்கு எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன்.

மங்கம்மா அந்த வாக்கை நம்பி உட்கார்ந்திருப்பாள். தீபாவளி வந்துவிடும். அவளிடம் போய்ச் சொல்.

நான் தேசராணிக்குப் பதில் போட்டிருக்கிறேன். இதே கப்பலில் வருகிறது.

தாட்சு


மாயாபந்தர்
17-9-2007

அக்காவுக்கு,

நலமா? இரண்டு கப்பல் வந்துவிட்டது, உன் எழுத்தைக் காணோம். தேசராணியிடமிருந்து வருகிறது. நீ சாப்பிடுகிறதில்லை என்று எழுதியிருக்கிறாள். என்னைத் திட்டியாவது நாலு வரி எழுது.

தாட்சு


திருவொற்றியூர் குப்பம்
5-10-2007

தங்கை தாட்சாயணிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இப்போது சாப்பிடுகிறேன். உன் முதுகுவலியை எழுதவே இல்லையே, இருக்கிறதா போய்விட்டதா?

தபால்காரர் இரண்டு கவரைக் கொடுத்தார், ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. என்னுடையதைப் பிரிக்கிறதுக்கு முன்னால் அவளுடையதைக் கையில் வைத்துத் தடவிப் பார்த்தேன், கனமாக இருந்தது. என் கூடப் பிறந்தவள் கையெழுத்தில் அவள் பெயர். அதற்கப்புறம்தான் என்னுடையதைப் படித்தேன். படித்துவிட்டு அவளிடம் போய் நின்றேன். சங்கரா மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். "நடிச்சியாடி" என்றேன். தலை நிமிராமல், "நீயும்தான அக்கா" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மீதி மீனைச் செதில் எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எடுத்தேன்.

அப்புறமும் மங்கம்மாவிடம் போக எனக்குக் கால் வரவில்லை. அவள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கல்மண்டபம் கடைத்தெருவுக்குப் போய்ப் பிள்ளைக்குச் சட்டை எடுத்து வந்து, தெருவில் வீடு வீடாகக் காட்டினாள். என்னிடமும் காட்டினாள், அளவு சரியாக இருக்குமா, மெலிந்திருப்பானோ என்று கேட்டாள். சரியாக இருக்கும் என்றேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மன் எதிரில் நின்றால் போற்றி பாதியில் நின்றுபோகிறது, இத்தனை வருஷம் நின்றதில்லை.

போன வெள்ளிக்கிழமை காலையில் போனேன். அவள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். காலில் விழுந்தேன். என்மேல் சாமி வரவில்லை, நானாகச் சொன்னது, தேசராணியைவிடப் பெரிய வாக்கு சொல்ல வேண்டும் என்று சொன்னது, உன் பிள்ளை இருக்கிறானா இல்லையா எனக்குத் தெரியாது என்றேன். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தூக்கினாள்.

"தெரியும்டி" என்றாள். "சாமி வந்தவ, புருசன் பாக்கறானா இல்லியான்னு கண்ணால தேடமாட்டா. நீ தேடுன."

தெரிந்தும் ஏன் சட்டை வாங்கினாய் என்று கேட்டேன்.

"வருவான்னு இந்த ஊர்ல ஒரு வாய் சொன்னதில்ல. எல்லாரும் காரியம் பண்ணு, காரியம் பண்ணுன்னுதான் சொன்னாங்க. நீ சொன்னப்பறம்தான் தூங்கினேன்" என்றாள். உள்ளே போய்ச் சட்டையை எடுத்து வந்து அதன் பொத்தானைத் தடவினாள். அப்புறம், "தீபாவளி கயிச்சி வந்து சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

இதற்கு என்ன பதில் சொல்வது தாட்சு? உன்னிடம் இருந்தால் எழுது.

ஊர்ப் பெரியவரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். அடுத்த ஆடிக்கு எனக்குக் கரகம் இல்லை. தேசராணியும் எடுக்க மாட்டேன் என்கிறாள். வெறும் கூழ்தான் போலிருக்கிறது. உன் மாமா என்னோடு சரியாகப் பேசுவதில்லை, தெருவில் இரண்டொரு பேர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பட வேண்டியதுதான்.

மங்கம்மா அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சட்டையையும் கொண்டுவந்தாள். நான் காபி போட்டு எடுத்து வருகிறதுக்குள் தேசராணி மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். மங்கம்மா தலையைத் தேசராணி கோதிக்கொண்டிருந்தாள். என் மடியில் படுக்கவில்லை. எனக்கு அதைப் பார்த்தும் எரிந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. காபியை வைத்துவிட்டு நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், இருட்டுகிற வரைக்கும்.

தேசராணிக்கு நீ எழுதுகிறதை நிறுத்த வேண்டாம். கவர் மேல் அவள் பெயரையே போடு. எனக்கு எழுதுவதைவிட ஒரு வரி குறைச்சலாக எழுது, அது போதும்.

உன் அக்கா
நர்மதா